சீன நாட்டின் உணவு வைத்தியர்கள்

சீன நாட்டின் பழைய நூல்களுள் ‘சௌ மரபின் சடங்கு நூல்’ என்பது ஒன்று. அரசனது அவையில் எத்தனை அதிகாரிகள் இருத்தல் வேண்டும், அவரவர்க்குரிய கடமை யாது என்று வகுத்துரைப்பது அந்நூல். ஆமை பிடிப்போர், உப்பைக் காப்போர், பனிக்கட்டி சேமிப்போர் என்று நீண்டு செல்லும் அப்பட்டியலில் வைத்தியர்களும் இடம் பெற்றிருக்கின்றனர். தலைமை வைத்தியர்களின்கீழ் நான்கு பிரிவினர்: உணவு வைத்தியர் இருவர், நோய் வைத்தியர் எண்மர், புண் வைத்தியர் எண்மர், விலங்கு வைத்தியர் நால்வர். எண்ணிக்கையில் சிறியவராயினும் வரிசையில் உணவு வைத்தியருக்கே முதலிடம் தரப்பட்டுள்ளது. நோய் வந்தபின் தீர்ப்பவனைக் காட்டிலும் வாராமற் காப்பவன் மேலானவன் என்ற எண்ணம் அவ்வரிசையிலேயே அமைந்து கிடக்கிறது.

சௌ மரபு கி.மு. 11ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. நூலோ அதற்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டது. அது கூறும் அமைப்பு முழுவதும் அவ்வாறே நடைமுறையில் இருந்தது என்று ஆராய்ச்சியாளர் கொள்வதில்லை. அரசு இப்படி இருத்தல் வேண்டும் என்று கற்றோர் தீட்டிய சித்திரமாகவே அதனைக் கருதுகின்றனர். ஆயினும், அச்சித்திரத்தில் உணவு வைத்தியனுக்கு இடப்பட்ட கட்டளைகள் சுவையானவை. சோறு இளவேனிலைப் போல் வெதுவெதுப்பாகவும், குழம்பு கோடையைப் போல் சூடாகவும், துவையல் கூதிர்காலத்தைப் போல் ஆறியும், பானம் குளிர்காலத்தைப் போல் தண்ணென்றும் இருத்தல் வேண்டும். இளவேனிலில் புளிப்பும், கோடையில் கசப்பும், கூதிரில் கார்ப்பும், குளிர்காலத்தில் உவர்ப்பும் சற்று ஓங்கி நிற்கலாம். எல்லாவற்றையும் இனிப்பு இணைத்து நிற்கும். மாட்டிறைச்சிக்கு நெல், ஆட்டிறைச்சிக்குத் தினை வகை, வாத்துக்குக் கோதுமை என்று இணை சேர்க்கும் விதியும் அங்கே உண்டு. அரசனுடைய தட்டில் பருவம் ஒன்று பரிமாறப்படுகிறது என்று சொல்லிவிடலாம்.

இவ்விதிகளுக்கு அடிப்படையான தத்துவத்தை விரித்துரைக்கும் நூல், மஞ்சள் பேரரசரின் பெயரால் வழங்கும் மருத்துவ நூல். அப்பேரரசர் புராண காலத்தவர். நூல் உருப்பெற்றதோ ஹான் மரபினர் ஆண்ட காலத்தை ஒட்டி, ஏறத்தாழக் கி.மு. முதல் நூற்றாண்டளவில். உலகம் முழுவதும் ‘யின்’, ‘யாங்’ என்னும் இரு நிலைகளின் ஏற்றத்தாழ்வால் இயங்குகிறது என்பது அதன் கொள்கை. நிழல், குளிர், ஈரம், அமைதி ஆகியவை யின். வெயில், வெப்பம், வறட்சி, இயக்கம் ஆகியவை யாங். இவற்றோடு மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்னும் ஐந்தும் சேர்கின்றன. ஐந்துக்கு ஐந்து சுவைகள். ஐந்து சுவைகளுக்கு ஐந்து உள்ளுறுப்புகள். புளிப்பு கல்லீரலைச் சேரும், கசப்பு இதயத்தை, இனிப்பு மண்ணீரலை, கார்ப்பு நுரையீரலை, உவர்ப்பு சிறுநீரகத்தை. உணவுப் பொருள்களை அந்நூல் நான்காக வகுக்கிறது. ஐந்து தானியங்கள் உடலை வளர்ப்பன; ஐந்து கனிகள் துணை செய்வன; ஐந்து இறைச்சிகள் வலுக் கூட்டுவன; ஐந்து காய்கறிகள் நிறைவு தருவன. அரச குலத்தாருக்காக எழுதப்பட்ட நூலில் இறைச்சி மூன்றாமிடத்தில் நிற்பது நோக்கத்தக்கது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். உவர்ப்பை மிகுதியாக உண்டால் குருதியோட்டம் தடைப்பட்டு நிறம் மாறும் என்று அந்நூல் கூறுகிறது. இரத்த அழுத்தத்தையும் உப்பையும் பற்றிய இன்றைய அறிவை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே சீனர் கண்டுவிட்டனர் என்று இவ்வாசகத்தை எடுத்துக் காட்டி வியப்போர் பலர். ஆனால் அதே பகுதியில், அதே மூச்சில், கசப்பு மிகுந்தால் தோல் உலர்ந்து உரோமம் உதிரும் என்றும், இனிப்பு மிகுந்தால் எலும்பு நோகும் என்றும், கார்ப்பு மிகுந்தால் நகம் வறளும் என்றும் எழுதப்பட்டிருக்கிறது. ஐந்தில் ஒன்று இலக்கில் பட்டது கொண்டு மற்ற நான்கையும் மறந்துவிடுவது சரித்திரம் ஆகாது. ஐந்துறுப்புக் கணக்கை நிரப்புவதற்காக எழுதப்பட்ட சொற்களும் அதில் உண்டு.

நடைமுறை வாழ்வில் ஆழமாக வேரூன்றியது ஐஞ்சுவைக் கணக்கைக் காட்டிலும் சூடு, குளிர்ச்சி என்னும் பாகுபாடே. வெப்பம், வெதுவெதுப்பு, தணிவு, குளிர்ச்சி என நான்கு குணங்கள். இவற்றுக்கு இடையில் நடுநிலை. தொட்டு அறியும் சூடு அன்று இது. உடலுக்குள் சென்று விளைக்கும் சூடு. நம் வீட்டு முதியோர் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. இஞ்சியும் ஆட்டிறைச்சியும் சூடு, நண்டும் தர்ப்பூசணியும் குளிர்ச்சி, பச்சைப் பயறு தணிவு, அரிசி நடுநிலை. ஆகவே நண்டைச் சமைப்பவர் இஞ்சி சேர்ப்பர். கோடையில் பச்சைப் பயற்றுக் கஞ்சி அருந்துவர். பிள்ளை பெற்ற தாய்க்கு ஒரு திங்கள் வரை இஞ்சியும் கோழியும் முட்டையும் கொடுத்து, பச்சைக் காயையும் குளிர்ந்த நீரையும் விலக்குவர். இவ்வழக்கங்கள் இன்றும் சீனக் குடும்பங்களில் நின்று நிலவுவன.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இரண்டு சொற்களைப் பற்றி இங்கே கூற விரும்புகிறேன். உடலை இயக்கும் ஆற்றலுக்குச் சீனர் வழங்கும் சொல் ‘ச்சி’ என்பது. வாயு என்றால் குறைந்துவிடும். பிராணன் என்றால் வேறொரு தத்துவம் உள்ளே நுழைந்துவிடும். அதன் பழைய எழுத்து வடிவத்தில் ஆவியைக் குறிக்கும் குறிக்குக் கீழே அரிசியைக் குறிக்கும் குறி அமைந்திருக்கிறது. வெந்த சோற்றிலிருந்து எழும் ஆவியை நினைவூட்டும் இவ்வடிவத்தைப் பார்த்தபின், அச்சொல்லை அப்படியே விட்டுவிடுவதே மேல் என்று தோன்றுகிறது. மற்றொரு சொல் ‘தாங்’. சூப்புக்கும் கஷாயத்துக்கும் அவர்களிடம் இந்த ஒரே சொல்தான். மருந்து நூலை மொழிபெயர்க்கும்போது ஒவ்வோரிடத்திலும் இது அடுக்களையா, மருந்துச் சாலையா என்று தீர்மானிக்க வேண்டியிருக்கும். எழுதிய சீனருக்கோ அத்தகைய தீர்மானமே தேவைப்பட்டதில்லை.

தத்துவம் இருக்கட்டும், அக்காலச் செல்வர் உண்மையில் என்ன உண்டனர்? இதற்கு அரியதொரு சான்று 1972இல் கிடைத்தது. ஹூனான் மாநிலத்தில் சாங்ஷா நகருக்கருகே மாவாங்துயி என்னுமிடத்தில் ஹான் காலத்துப் பிரபு ஒருவரின் மனைவியுடைய கல்லறை திறக்கப்பட்டது. ஏறத்தாழ ஐம்பது வயதில் இறந்த அம்மூதாட்டியின் உடல், இரண்டாயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் தசை கெடாமல் இருந்தது. அவரோடு வைக்கப்பட்ட பொருள்களின் பட்டியல் 312 மூங்கில் ஏடுகளில் எழுதப்பட்டிருந்தது. நெல், கோதுமை, தினை, மொச்சை வகை, இலந்தை, பேரி, மான், பன்றி, மாடு, ஆடு, முயல், நாய், பறவைகள், மீன்கள், கறுவாப்பட்டை. ஒரு கலத்தில் தாமரைக் கிழங்கின் துண்டுகள் மிதந்தன. கல்லறையிலிருந்து வெளியே எடுத்தபோது நீரின் அசைவிலேயே அவை கரைந்து மறைந்தனவாம். அம்மையாரின் உடலை அறுத்துச் சோதித்த மருத்துவர்கள் இதய நாளங்களில் அடைப்பையும், பித்தப்பைக் கற்களையும், குடலில் புழு முட்டைகளையும் கண்டனர். உணவுப் பாதையில் 138 முலாம்பழ விதைகள் இருந்தன. பழம் உண்ட சில மணி நேரத்துக்குள் உயிர் நீங்கியிருத்தல் வேண்டும்.

அடுத்த ஆண்டு, அருகிலேயே, அவருடைய மகனின் கல்லறை திறக்கப்பட்டது. அது மூடப்பட்டது கி.மு. 168இல். அதில் பட்டுத் துணியில் எழுதிய மருத்துவ ஏடுகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று, தானியங்களை அறவே விலக்கி மூச்சுப் பயிற்சியால் உயிர் வளர்க்கும் முறையைக் கூறுகிறது! தாயின் கல்லறை நிறைய உணவு. மகனின் கல்லறையில் உணவைத் துறக்கச் சொல்லும் நூல். தானியத்தை விலக்கினால் நீண்ட ஆயுள் பெறலாம் என்ற இக்கொள்கையைப் பிற்காலத்தில் தாவோ நெறித் துறவியர் வளர்த்தனர். சீனரின் உணவுக் கொள்கை ஒன்றே என்று பேசுவோர் இவ்விரு கல்லறைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தல் நலம்.

கன்ஃபூஷியஸ் பற்றியும் ஒரு வார்த்தை. அவருடைய உணவுப் பழக்கங்களை மாணாக்கர் குறித்து வைத்துள்ளனர். இறைச்சி எவ்வளவு இருந்தாலும் சோற்றின் அளவை விஞ்ச விடமாட்டார். இஞ்சியை விலக்கமாட்டார், மிகுதியாகவும் உண்ணமாட்டார். மதுவுக்கு மட்டும் அளவு வைத்துக்கொள்ளவில்லை. மயங்கும் அளவுக்குச் செல்லாமல் நின்றுகொள்வார்.

உணவை வைத்தியத்தின் முதல் படியாக நிலைநாட்டிய பெருமை டாங் மரபினர் காலத்தவரான சுன் சி மியாவ் என்பவரைச் சாரும். சிறு வயதில் நோயாளியாக இருந்து, மருந்துச் செலவால் குடும்பப் பொருளைக் கரைத்தவர் அவர். கி.பி. 652 அளவில் அவர் எழுதி முடித்த பெரு நூலின் 26ஆம் பகுதி முழுவதும் உணவைப் பற்றியது. வைத்தியன் முதலில் நோயின் காரணத்தை அறிய வேண்டும். அறிந்தபின் உணவால் தீர்க்க முயல வேண்டும். உணவால் தீராதபோதே மருந்தை நாட வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. மருந்து படையைப் போன்றது; படையை அவசியமின்றி எழுப்பினால் நாட்டுக்கே கேடு என்ற கருத்தினர் அவர். வயிறு நிறையுமுன் நிறுத்துக, உண்டபின் வயிற்றைத் தடவிச் சிறிது உலாவுக என்றெல்லாம் எளிய அறிவுரைகளும் சொல்கிறார். உயிர்களைக் கொன்று மருந்து செய்வதை வெறுத்தவர். ஆயினும் நோயாளிக்கு ஆட்டீரல் தேவைப்படும் இடத்தில் அதை எழுதாமல் விடவில்லை. இந்த முரண்பாட்டை அவர் மறைக்கவும் இல்லை.

இவ்வாட்டீரலைப் பற்றிச் சற்றே நின்று பேசலாம். கண் பார்வைக் குறைவுக்கு, குறிப்பாக மாலைக்கண்ணுக்கு, ஈரல் உணவு அக்காலச் சீன வைத்தியத்தில் வழங்கியது. ஈரலில் வைட்டமின் ‘ஏ’ நிறைந்துள்ளது. அது குறைவதே மாலைக்கண்ணுக்குக் காரணம் என்று 20ஆம் நூற்றாண்டு விஞ்ஞானம் தெளிவாக்கிற்று. கழுத்தில் தோன்றும் கழலைக்குக் கி.பி. 4ஆம் நூற்றாண்டிலேயே கெ ஹொங் என்பவர், கடற்பாசியை மதுவில் ஊறவைத்துக் கொடுக்கச் சொன்னார். டாங் காலத்தவர் ஆட்டின் தைராய்டுச் சுரப்பியையே எடுத்துக் கொடுத்தனர். அயோடின் என்னும் பொருள் கண்டறியப்பட்டது 1811இல். அதுவும் கடற்பாசிச் சாம்பலிலிருந்து. தைராய்டுச் சுரப்பியில் அயோடின் உள்ளது என்று ஜெர்மானிய இரசாயன அறிஞர் பௌமான் கண்டது 1895இல். சீன வைத்தியர் கூறிய காரணங்கள் இன்று நிற்கமாட்டா. பார்த்துப் பார்த்துப் பழகிய கண்கள் கண்ட பலன் நிற்கிறது. சீன உணவு வைத்தியத்தை மதிப்பிடுவோர் இவ்விரண்டையும் வேறு வேறாக வைத்து எடை போட வேண்டும்.

சுன் சி மியாவின் மாணாக்கர் மெங் ஷென். உணவு வைத்தியத்துக்கென்றே தனி மருந்து நூல் ஒன்று அவர் பெயரால் வழங்கிற்று. தென்னாட்டார் மிகுதியாக உண்ணும் கடற்பாசி வடநாட்டாருக்கு ஒவ்வாது என்பது போன்ற குறிப்புகள் அதில் உண்டு. ஒரே விதி எல்லா உடலுக்கும் பொருந்தாது என்று அவர் கண்டிருந்தார். அந்நூல் முழுமையாக நமக்குக் கிட்டவில்லை. துன்ஹுவாங் குகைகளில் அடைபட்டுக் கிடந்த ஏட்டுச்சுவடிகளில் அதன் ஒரு பகுதி இருந்தது. 1907இல் ஆரல் ஸ்டைன் அக்குகையிலிருந்து எடுத்துச் சென்றவற்றுள் அதுவும் ஒன்று. இன்று இலண்டனில் உள்ளது.

மெங் ஷென் வாழ்ந்த அதே காலத்தில், இத்சிங் என்னும் பௌத்தத் துறவி கி.பி. 671இல் கான்டன் துறைமுகத்திலிருந்து கப்பலேறி நம் நாட்டுக்கு வந்தார். நாளந்தாவில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் பயின்றார். இந்தியத் துறவியரின் ஒழுக்கத்தைப் பற்றி அவர் எழுதியனுப்பிய நூலில் உணவும் மருந்தும் விரிவாகப் பேசப்படுகின்றன. தம் நாட்டார் மீனையும் காய்கறிகளையும் பெரும்பாலும் பச்சையாகவே உண்கின்றனர் என்றும், இந்தியர் ஒருவரும் அவ்வாறு செய்வதில்லை என்றும், இங்கே எல்லாக் காய்களையும் நன்கு வேகவைத்துப் பெருங்காயம், நெய், எண்ணெய் முதலியவை சேர்த்தே உண்கின்றனர் என்றும் எழுதுகிறார். இன்று பச்சைக் காய்க்கே அஞ்சுபவராகப் பெயர் பெற்ற சீனர், அன்று இவ்வாறு இருந்தனர் என்பது பலருக்கு வியப்பளிக்கும். ‘சீனர் தொன்றுதொட்டு இப்படித்தான்’ என்று தொடங்கும் வாக்கியங்களில் பெரும்பான்மை பிழையானவை.

இத்சிங் கண்ட முக்கியமான வேற்றுமை வேறொன்று. நோயுற்றவனுக்கு எதைக் கொடுக்கலாம் என்று சீன வைத்தியன் சிந்தித்தான். இந்திய வைத்தியனோ எதையும் கொடாதே என்றான். லங்கனம் இட்டு நோயைத் தணிக்கும் முறை அவரை ஆழமாகக் கவர்ந்தது. மேற்கிந்தியாவில் லாட நாட்டில் அரைத் திங்கள், ஒரு திங்கள் வரையிலும் பட்டினி கிடப்பர். நடுநாட்டில் மிகுதியாக ஏழு நாள். தென்கடல் தீவுகளில் இரண்டு மூன்று நாள் என்று நிலத்தின் தன்மைக்கேற்பக் கணக்குக் கொடுக்கிறார். அதே சமயத்தில், மூலிகையிலும் ஊசி வைத்தியத்திலும் நாடி பார்ப்பதிலும் தம் நாட்டை எவரும் விஞ்சவில்லை என்று எழுதவும் தயங்கவில்லை. வேற்று நாட்டைப் புகழும்போது தன் நாட்டை இகழ வேண்டும் என்ற வழக்கம் அவரிடம் இல்லை.

கொடுக்கல் வாங்கல் ஏட்டோடு நிற்கவில்லை. கி.பி. 647இல் மகத நாட்டுத் தூதர் சென்று வந்ததையொட்டி, பேரரசர் தைசூங் ஆள் அனுப்பிச் சர்க்கரை காய்ச்சும் முறையைக் கற்றுவரச் செய்தார் என்று டாங் மரபின் அரசாங்கச் சரித்திரம் கூறுகிறது. மிளகு இன்னும் பெரிய கதை. 9ஆம் நூற்றாண்டு நூலொன்று, மிளகு மகத நாட்டில் விளைவது என்று கூறி, அந்நாட்டார் அதற்கு வழங்கும் பெயரையும் எழுத்துக்கூட்டித் தருகிறது. ‘மரிச’ என்னும் வடசொல்லே அது என்பது கேட்ட மாத்திரத்தில் விளங்கும். விளைந்த இடம் மலையாளக் கரை. சொன்னவர்கள் மகதத்தார் போலும். அந்நாளில் மிளகின் மதிப்பு எத்தகையது என்பதற்கு ஒரு செய்தி: கி.பி. 777இல் ஊழல் குற்றத்துக்காகக் கொல்லப்பட்ட அமைச்சர் யுவான் ட்ஸாய் என்பவரின் வீட்டைச் சோதித்தபோது 800 ‘ஷி’ அளவு மிளகு அகப்பட்டது. பல டன் எடை இருக்கும். ஒரு வீட்டார் எத்தனை தலைமுறை உண்டாலும் தீராது. அது உணவன்று, நாணயம்.

கி.பி. 1330இல் மங்கோலியப் பேரரசர் துக் தெமூருக்கு அரண்மனை உணவு வைத்தியர் ஹூ சி ஹுவெய் என்பவர் ஒரு நூலைச் சமர்ப்பித்தார். உண்பன, பருகுவன பற்றிய சரியான முறைகளைக் கூறும் நூல் என்பது அதன் பெயரின் பொருள். சௌ நூல் கற்பனையில் தீட்டிய உணவு வைத்தியர் பதவி, வேற்றினத்து அரசரின் அரண்மனையில் மெய்யாகவே நிலவிற்று என்பது சரித்திரத்தின் விநோதங்களுள் ஒன்று. மங்கோலியர் ஆட்டிறைச்சி உண்போர். அவர்கள் பேரரசில் பாரசீகரும் துருக்கியரும் திபெத்தியரும் சீனரும் இருந்தனர். எனவே ஹூவின் நூலில் ஆடு நடுவே நிற்க, உலகத்துச் சரக்கெல்லாம் அதைச் சூழ்ந்து நிற்கின்றன.

அந்நூலில் ஒரு சூப்பு. மேற்கு வானுலகத்து உணவு என்று அதற்கு விளக்கம் தரப்பட்டிருக்கிறது. பௌத்தச் சீனருக்கு மேற்கு வானுலகம் என்பது இந்தியா. அதன் பெயர், நேபாளத்துக்குத் திபெத்தியர் வழங்கும் பெயரோடு தொடர்புடையது என்பர். செய்முறை இது: ஓர் ஆட்டுக் கால்; பெரிய ஏல வகை ஐந்து; தோல் நீக்கி இடித்த கொண்டைக்கடலை அரைப்படி; முள்ளங்கி இரண்டு. இவற்றைக் கொதிக்கவைத்து வடித்து, இறைச்சியையும் முள்ளங்கியையும் தாயக்கட்டை அளவில் நறுக்கி மீண்டும் இட்டு, குங்குமப்பூ ஒரு பங்கு, மஞ்சள் இரண்டு பங்கு, மிளகு இரண்டு பங்கு, பெருங்காயம் அரைப் பங்கு, கொத்தமல்லித் தழை, சிறிது உப்பு ஆகியவற்றைக் கலந்து, மணமுள்ள அரிசிச் சோற்றோடு உண்ண வேண்டும். சிறிது காடியும் விட்டுக்கொள்ளலாம். பயன்: வயிற்றுக்கு வலுவூட்டும், வாயுவைக் கீழிறக்கும், நெஞ்சை விரிக்கும். குங்குமப்பூவுக்கு அரபுச் சொல்லே சீன எழுத்தில் இருக்கிறது. பெருங்காயத்தின் பெயர் கஜினி நகரின் பெயரடியாகப் பிறந்தது என்று ஆராய்ந்தோர் கூறுவர். மஞ்சளும் மிளகும் பெருங்காயமும் கொத்தமல்லியும் கூடிய இதனைக் குழம்பு என்று சொல்லாமல் வேறு என்னென்று சொல்வது? இந்நூல் எழுந்ததற்கு 49 ஆண்டுகள் முன்பு, 1281இல், சீனத்துச் சுவான்ஜோ துறைமுகத்தில் தமிழ் வணிகர் சிவன் கோயிலுக்காகப் பொறித்த தமிழ்க் கல்வெட்டு, இறுதியில் சீன எழுத்து வரியோடு இன்றும் உள்ளது. மசாலைச் சரக்கு எவ்வழியே சென்றது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

மிளகின் கதை லீ ஷி ஜென்னிடம் வந்து வேறு முகம் கொள்கிறது. மிங் மரபினர் ஆண்ட காலத்தில், 1518இல் பிறந்த இவர், 27 ஆண்டுகள் உழைத்து 1578இல் ஒரு மருந்துப் பொருட் பேரகராதியை முடித்தார். 52 பகுதிகளில் 1,892 பொருள்கள் அதில் விளக்கப்பட்டுள்ளன. தானியம், காய், கனி, நீர் வகைகள் எல்லாமே அதில் மருந்துகள்தாம். 1593இல் அவர் இறந்தார். நூல் நான்ஜிங் நகரில் அச்சாகி வெளிவந்தது 1596இல். யுனெஸ்கோ 2011இல் அதனை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. மிளகைப் பற்றி எழுதும் இடத்தில், அவ்வளவு பெரிய நூலின் நடுவே, தம் சொந்த வாழ்வைச் சொல்கிறார். இளமை முதல் மிளகில் மிகுந்த விருப்பமாம். ஆண்டுதோறும் கண் நோய் வருமாம். இரண்டையும் இணைத்துப் பார்க்கத் தோன்றவில்லையாம். பின்னர் ஐயம் பிறந்து, மிளகை அடியோடு விட்டார். கண் நோய் நின்றது. அதன்பின் ஒன்றிரண்டு மிளகு தின்றாலும் கண் மங்கி உறுத்திற்று. ஒரு பொருளை நிறுத்திப் பார்த்து, மீண்டும் உண்டு பார்த்துச் சோதித்திருக்கிறார். ஒரே ஒருவருடைய உடலில் நடந்த சோதனை என்பது உண்மை. ஆயினும் ஐந்துக்கு ஐந்து என்று கணக்கை நிரப்பும் வழியினின்றும் இது விலகிய வழி.

லீ வாழ்ந்த நாளின் இறுதியில், அமெரிக்காவிலிருந்து மிளகாய் சீனத்துக்கு வந்து சேர்ந்தது. 1591இல் எழுதப்பட்ட நூலொன்று அதனை அழகுச் செடியாகக் குறிப்பிடுகிறது. இன்று சிச்சுவான், ஹூனான் உணவுகள் மிளகாய் இல்லாமல் இல்லை. அப்பகுதியின் ஈரக் காற்றால் உடலில் சேரும் ஈரத்தை மிளகாய் போக்குகிறது என்று பண்டைய சாத்திரப்படி விளக்கமும் தருவர். பொருள் புதிது, அதற்குரிய இருக்கை ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாகக் காலியாகக் காத்திருந்தது.

சேர்த்து உண்ணலாகாதவை என்று ஒரு பெரும் பட்டியல் சீனத்தில் உண்டு. நண்டும் சீமைப் பனிச்சம்பழமும், வாழைப்பழமும் சேப்பங்கிழங்கும் என்று அது நீளும். 1935இல் நான்ஜிங் நகரில், வாழைப்பழத்தையும் சேப்பங்கிழங்கையும் சேர்த்துத் தின்றோர் நஞ்சேறி இறந்தனர் என்ற பேச்சுப் பரவியது. அங்கிருந்த உயிர் இரசாயன அறிஞர் ஜெங் ஜி என்பவர், வழக்கிலிருந்த இத்தகைய விலக்குகளில் 184 இணைகளைத் திரட்டினார். அவற்றுள் மக்கள் அடிக்கடி உண்ணக்கூடிய 14 இணைகளைத் தேர்ந்து, வெள்ளெலிக்கும் நாய்க்கும் குரங்குக்கும் கொடுத்தார்; தாமும் உண்டார். ஒரு கெடுதியும் நேரவில்லை. 1900இல் பிறந்த ஜெங் ஜி 2010 வரை வாழ்ந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். அதற்கும் அந்த வாழைப்பழத்துக்கும் தொடர்பில்லை. அவ்விலக்குகளோ மறையவில்லை. பழைய மரபு சட்டத்திலும் இடம் பெற்றிருக்கிறது: உணவாகவும் மருந்தாகவும் வழங்கும் பொருள்கள் என்று 87 பெயர்களைச் சீனச் சுகாதார அமைச்சகம் 2002இல் பட்டியலிட்டது. இஞ்சி, இலந்தை, தாமரை விதை முதலியன அதில் உண்டு.

இதுவரை கூறிய நூல்கள் பெரும்பாலும் உண்ண உணவு உள்ளவனுக்காக எழுதப்பட்டவை. இல்லாதவனுக்காக எழுதப்பட்டது ஒன்று உண்டு. மிங் மரபை நிறுவிய பேரரசரின் ஐந்தாம் மகன் ஜூ சு, கைஃபெங் நகரில் ஆண்ட இளவரசர். மஞ்சள் ஆறு பெருகி ஊரழிப்பதும், பின் பஞ்சம் வருவதும் அந்நாட்டுக்குப் பழகிய துன்பங்கள். மக்கள் பசிக்கொடுமையால் கண்ட இலையைத் தின்று மடிவதைத் தடுக்க, காட்டுச் செடிகளைத் தம் தோட்டத்தில் நடச் செய்து, வளர்வதைக் கண்டு, ஓவியரைக் கொண்டு வரையச் செய்து, 1406இல் ஒரு நூலை வெளியிட்டார். 414 தாவரங்கள், அவற்றுள் 276 முன் எந்த மருந்து நூலிலும் காணப்படாதவை. எழுத்தறியாதவனும் படத்தைப் பார்த்துச் செடியை அறிந்துகொள்ளலாம். எது எந்த உறுப்பைச் சேரும் என்ற ஆராய்ச்சிக்கு அதில் பெரிய இடமில்லை. எதைத் தின்றால் உயிர் போகாது என்பதே கேள்வி. பின்னர் 1639இல் அச்சான சூ குவாங் சியின் வேளாண்மைப் பேரேடு இந்நூலை முழுவதுமாகத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. 1959 முதல் 1961 வரை சீனத்தில் கோடிக்கணக்கானோரைக் கொன்ற பஞ்சத்தின்போதும், தழையையும் தண்டையும் மாற்றுணவாகக் கொள்ளும்படி அரசாங்கமே கட்டளையிட நேர்ந்தது.

இளவரசரின் நூலில் ஒவ்வொரு செடிக்கும் கீழே, பசி தீர்க்கும் வழி என்று சில வரிகள் இருக்கும். அவை பெரும்பாலும் ஒரே மாதிரியானவை: இளந்தளிரைப் பறிக்கவும், வேகவைக்கவும், நீரில் ஊறவைத்துக் கசப்பைக் கழுவவும், எண்ணெயும் உப்பும் சேர்த்து உண்ணவும். எண்ணெய்க்கும் உப்புக்கும் அப்பஞ்சத்தில் எங்கே போவது என்பதைப் பற்றி நூல் ஒன்றும் சொல்லவில்லை.